லண்டன் எத்தனை மணி நேரம்?



சென்னைக்கும் லண்டன் மாநகருக்கும் இடையே தூரம் எவ்வளவு? ஆகாய விமானத்தில் போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும்? தம்மம்பட்டியிலே பூகோள ஆசிரியனாக இருந்த காலத்தில், ஆண்டுதோறும் இவ்விரண்டு கேள்விகளையும் நான் வகுப்பிலே கேட்பது வழக்கம். விடையையும் நானே கரும்பலகையில் எழுதுவேன். தூரம் ஏறத்தாழ 8,230 கிலோமீட்டர்; நேரம் பத்தரை மணி. மாணவர்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். பரீட்சையிலும் அப்படியே எழுதி மதிப்பெண் பெறுவார்கள்.

அந்த விடையின் முதற்பாதியை இன்றும் நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். இரண்டாம் பாதியைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன். அது தவறான விடை என்று எனக்குத் தெரிய வந்தபோது, அதைத் திருத்திக்கொள்ளும் காலம் கடந்துவிட்டிருந்தது.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். எங்கள் ஊர் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே அமைந்தது. மரச் சிற்பத்துக்குப் பெயர் பெற்றது. கோயில் வாகனங்களும் கதவு நிலைகளும் செதுக்கும் உளிச் சத்தம் கேட்காத தெரு அங்கே குறைவு. சிற்ப வேலை செய்யும் நண்பர் ஒருவர் என் வேண்டுகோளுக்கு இணங்கி, வாகை மரத்தில் ஓர் உருண்டையைக் கடைசல் பிடித்துக் கொடுத்தார். அதன் சுற்றளவு சரியாக ஒரு மீட்டர். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் அல்லவா? ஆகவே அந்த உருண்டையின் மேல் ஒரு சென்டிமீட்டர் என்பது பூமியின் மேல் 400 கிலோமீட்டர். நாடுகளின் எல்லைகளை மாணவர்களே அதன்மேல் வரைந்தார்கள். சென்னையில் ஒரு சிற்றாணி, லண்டனில் ஒரு சிற்றாணி. இரண்டுக்கும் இடையே நூலை விறைப்பாக இழுத்துக் கட்டினோம். நூலின் நீளம் 20 சென்டிமீட்டரும் சற்றேறக்குறைய 6 மில்லிமீட்டரும். 400 ஆல் பெருக்கினால் 8,240 வருகிறது. இதைக் கணக்கிட விமானமும் வேண்டியதில்லை, விமானியும் வேண்டியதில்லை. நூலும் ஆணியும் போதும் என்று கண்டபோது பிள்ளைகளுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

ஆனால் அந்த நூல் சென்ற வழி அவர்களைத் திகைக்க வைத்தது. சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் சென்னையையும் லண்டனையும் ஓர் அளவுகோலால் இணைத்துப் பாருங்கள். கோடு அரபிக் கடலைக் கடந்து, பாரசீக வளைகுடாவின் வழியாக ஈராக், துருக்கி என்று செல்லும். மர உருண்டையின் மேல் கட்டிய நூலோ அவ்வழியைத் தொடவே இல்லை. அது சென்னையிலிருந்து வடமேற்காகக் கிளம்பிக் கத்தியவாரைக் கடந்து, சிந்து மாகாணத்தின் மேலும் ஈரானின் கிழக்குப் பகுதியின் மேலும் சென்று, காஸ்பியன் கடலில் பாகூ நகரை ஒட்டிப் போய், கருங்கடலுக்கு வடக்கே உக்ரேனையும் போலந்தையும் ஜெர்மனியையும் தாண்டி லண்டனைச் சேர்ந்தது. தட்டைப் படத்தின் நேர்கோட்டில் சென்றால் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் அதிகம். பந்தைப் பிளந்து காகிதமாக விரித்தால் அது எங்கேனும் இழுபட்டே தீரும். உலகப் படமும் அப்படித்தான் இழுபட்டிருக்கிறது. பந்தின் மேல் மிகக் குறுகிய வழியைப் பெருவட்டம் என்று கணித நூலார் அழைக்கின்றனர்.

இதனிடையே ஒன்று சொல்லிவிடுகிறேன். பூமியின் உருவத்தை இந்நாட்டில் நுட்பமாக அளக்கத் தொடங்கிய இடம் இன்றைய சென்னை விமான நிலையத்துக்கு அண்மையில்தான் இருக்கிறது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வில்லியம் லாம்ப்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி, 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைக் கொண்டு பரங்கிமலையருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டுக்கொண்டு போனதுதான் பின்னர் இமயம் வரைக்கும் சென்ற மாபெரும் நில அளவை. அதன் முதுகெலும்பு 78ஆவது தீர்க்கரேகை. அது சேலம் நகருக்குச் சற்று மேற்கே செல்கிறது. மீனம்பாக்கத்தில் விமானம் மேலெழும்பும்போது பரங்கிமலை கண்ணில் படுமானால், அந்தச் சங்கிலியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகத் தூரம் தெரிந்துவிட்டது. இனி நேரம். பெரிய ஜெட் விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. 8,230ஐ 900 ஆல் வகுத்தால் ஒன்பது மணியும் சில நிமிஷங்களும் வரும். கெட்டிக்கார மாணவன் இவ்வளவோடு நிறுத்திக்கொள்வான். ஆனால் சென்னையிலிருந்து லண்டனுக்கு நேராகச் செல்லும் விமானத்துக்குக் கால அட்டவணையில் பத்தரை மணிக்கும் பதினொரு மணிக்கும் இடைப்பட்ட நேரம் குறிக்கப்பட்டிருக்கும். திரும்பி வரும் பிரயாணத்துக்கோ பத்து மணியை ஒட்டிய நேரந்தான். ஒரே தூரத்துக்கு இரண்டு நேரங்கள் எதற்கு?

"பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறதே, சார்! நாம் மேற்கே பறந்தால் லண்டன் நம்மை நோக்கி அல்லவா வர வேண்டும்? அப்படியானால் போகும்போதுதானே நேரம் குறைய வேண்டும்?" என்று ஆண்டுக்கு ஒரு மாணவனாவது கேட்பான். நல்ல கேள்வி. ஓடுகிற ரயில் வண்டிக்குள்ளே பறக்கும் ஈயை நினைத்துப் பாருங்கள். அது வண்டியின் பின்பக்கச் சுவரில் போய் மோதுவதில்லை, ஏனெனில் வண்டிக்குள் இருக்கும் காற்றும் வண்டியோடு சேர்ந்தே ஓடுகிறது. பூமியைப் போர்த்திய காற்றும் அவ்வாறே பூமியோடு சுழல்கிறது. விமானம் அந்தக் காற்றுக்குள் பறக்கும் ஈ. ஆனால் தரையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், இந்தியாவுக்கு வடமேற்கேயும் ஐரோப்பாவுக்கு மேலேயும், மேற்கிலிருந்து கிழக்காக வேறொரு காற்று ஆறு போல விரைந்து ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மிகுதி. லண்டனுக்குப் போகிறவன் அந்த ஆற்றை எதிர்த்து நீந்துகிறான். திரும்புகிறவன் அதில் மிதந்து வருகிறான்.

காற்றாவது இயற்கை. வானத்திலே மனிதன் போட்ட வேலிகளும் உண்டு. 2022 பிப்ரவரியில் போர் மூண்டபோது உக்ரேனின் வான்வெளி பயணி விமானங்களுக்கு மூடப்பட்டது. நம் நூல் அந்த நாட்டின் மேல்தான் செல்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். 2025 ஏப்ரல் இறுதியில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு அடைத்தது. இந்தியாவும் பதிலுக்கு அடைத்தது. அதே ஆண்டு ஜூனில் ஈரான், ஈராக் நாடுகளின் வானமும் சில நாட்கள் மூடிக் கிடந்தது. ஒவ்வொரு முறையும் விமானங்கள் சுற்றுவழியில் சென்றன. மர உருண்டையின் மேல் கட்டிய நூலை நாங்கள் அவிழ்க்கவே இல்லை. ஆனால் அந்த நூலின் மேலேயே ஒரு விமானம் பிசகாமல் பறந்தது என்று எந்த நாளைப் பற்றியும் சொல்ல எனக்குத் துணிவில்லை.

பிரயாணச் சீட்டைப் பார்த்து ஏமாறுகிறவர்களையும் குறிப்பிட வேண்டும். விமானம் காலை 5-30க்குச் சென்னையை விட்டுப் புறப்பட்டுப் பகல் 12 மணிக்கு லண்டனை அடைகிறது என்று வைத்துக்கொள்வோம். "ஆறரை மணிப் பிரயாணம்" என்று ஒரு மாணவன் எழுதினான். அவன் கழித்தது சரி. ஆனால் புறப்பட்டது நம் கடிகாரத்தில், சேர்ந்தது அவர்கள் கடிகாரத்தில். குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி பின்தங்கியிருக்கிறது. கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பதால் நாலரை மணி. ஆகவே கோடையில் அந்தப் பிரயாணம் பதினொரு மணி நேரம். கடிகாரத்தின் முள்ளைப் பார்த்து மட்டும் கணக்குப் போட்டால், அந்த மாணவன் வானத்தில் இருந்த நாலரை மணி காணாமற்போகும்.

இந்தப் பத்தரை மணியை நம் முன்னோர் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். ஈரோட்டில் பிறந்த கணித மேதை சீனிவாச இராமானுஜன், நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்டவர். அவர் 1914 மார்ச் 17ஆம் நாள் சென்னைத் துறைமுகத்தில் நெவாசா என்னும் கப்பல் ஏறி, சூயஸ் கால்வாய் வழியாகச் சென்று ஏப்ரல் 14ஆம் நாள் லண்டனை அடைந்தார். இருபத்தெட்டு நாட்கள்! மணிக்கணக்கில் சொன்னால் 672. நான் சொன்ன பத்தரை மணியைப் போல 64 மடங்கு.

பின்னர் நேரம் சுருங்கத் தொடங்கியது. 1929இல் இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனியார் லண்டனுக்கும் கராச்சிக்கும் விமானப் போக்குவரத்தை ஏற்படுத்தினார்கள். இடையில் ஐரோப்பாவில் ரயிலும் ஏறி, ஏழு நாட்களில் கராச்சி சேரலாம். 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா சின்னஞ்சிறு விமானம் ஒன்றைத் தாமே ஓட்டிக்கொண்டு, கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டு சேர்த்தவர் நெவில் வின்சென்ட். 1948 ஜூன் 8ஆம் நாள் பம்பாயிலிருந்து ஏர் இந்தியா இண்டர்நேஷனலின் 'மலபார் பிரின்சஸ்' லண்டனுக்குப் புறப்பட்டது. கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் இறங்கிச் சென்றது. 1960இல் அதே நிறுவனம் ஜெட் விமானங்களைப் பறக்கவிட்டது. அதற்கு மேல் வேகம் பெரிதாக வளரவில்லை. அன்றைய ஜெட்டுக்கும் இன்றைய ஜெட்டுக்கும் வேகத்தில் வேறுபாடு சொற்பமே. இடையில் நிற்காமல் பறக்கும் ஆற்றல்தான் கூடியிருக்கிறது.

நிற்காமல் பறப்பதைப் பற்றி ஒரு வேடிக்கையான உண்மை. இரண்டாம் உலகப் போரின்போது, 1943 முதல் 1945 வரை, இலங்கையின் தென்கரையில் உள்ள கொக்கலை ஏரிக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் இடையே குவாண்டாஸ் கம்பெனியார் கடல் விமானங்களை ஓட்டினார்கள். தூரம் ஐயாயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். விமானத்தின் வேகமோ மணிக்கு இருநூறு கிலோமீட்டரை ஒட்டியது. எரிபொருளின் சுமையால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. ஒரு பிரயாணம் முப்பத்திரண்டு மணிக்கு மேலும் நீண்டதுண்டு. விமானத்தில் அமர்ந்தபடியே இரண்டு சூரியோதயங்களைக் கண்டதற்காகப் பயணிகளுக்கு ஒரு சான்றிதழ் வழங்கினார்களாம். இன்று சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர் தூரத்தை நிற்காமல் பத்தொன்பது மணிக்குள் கடக்கிறார்கள். அதற்குச் சான்றிதழ் கொடுப்பாரில்லை.

இவை யாவும் நான் வகுப்பிலே உற்சாகமாகச் சொல்லி வந்தவை. இனிச் சொல்லப் போவது வகுப்பிலே நெடுங்காலம் சொல்லாதது.

2018 ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு எங்கள் தாயார் தம்மம்பட்டி வீட்டில் காலமானார். எங்கள் பக்கத்தில் தந்தைக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைப்பது வழக்கம். இளையவன் என் தம்பி. அவன் லண்டனில் வேலையாக இருந்தான். அங்கே அப்போது திங்கட்கிழமை இரவு பத்தரை மணி. தொலைபேசியில் சொன்னேன். "உடனே கிளம்புகிறேன், அண்ணா" என்றான்.

விடிந்ததும் உறவினர்கள் கூடினார்கள். தம்பி எப்போது வருவான் என்று பெரியப்பா என்னைக் கேட்டார். ஊரில் அதைக் கேட்பதற்கு என்னைக் காட்டிலும் தகுந்த ஆள் யார்? நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "விமானத்தில் பத்தரை மணி, சென்னையிலிருந்து காரில் ஆறு மணி. இரவு ஒன்பது மணிக்குள் வந்துவிடுவான்" என்றேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு எடுப்பது என்று முடிவாயிற்று. குளிர்பெட்டியை மறுநாள் காலை வரைக்கும் பேசினார்கள். வெளியூர்களுக்கெல்லாம் அந்த நேரத்தையே சொல்லி அனுப்பினார்கள்.

நான் சொன்ன விடையில் ஒரு பிழை இருந்தது. இரவு பத்தரை மணிக்குச் செய்தி கேட்டவனுக்காக எந்த விமானமும் ஓடுபாதையில் காத்திருப்பதில்லை. சென்னைக்கு நேராக வரும் விமானம் லண்டனில் மறுநாள் பிற்பகலில்தான் புறப்படும். அதில் இடமும் இல்லை. இரவெல்லாம் தேடியதில் அவனுக்குக் கிடைத்தது வளைகுடா நகரம் ஒன்றில் இறங்கி, வேறு விமானம் மாறித் திருச்சிக்கு வரும் சீட்டு. லண்டனிலிருந்து அது புறப்படும் நேரம் அவர்களுக்குப் பகல் இரண்டு மணி, நமக்கு இரவு ஏழரை. நான் ஒன்பது மணிக்குள் வந்துவிடுவான் என்று சொன்னவன், ஏழரை மணிக்கு அங்கே தரையை விட்டே கிளம்புகிறான்.

செய்தி தெரிந்ததும் பெரியப்பாவிடம் போய், "நாளைக் காலையில்தான் வருவான், பத்து மணிக்குத் திருச்சியில் இறங்குகிறான்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. சரி, பதினொரு மணிக்கு எடுப்போம் என்றார். மறுபடியும் உட்கார்ந்து, இம்முறை ஒழுங்காகக் கணக்கிட்டேன். குடிநுழைவுச் சோதனை முடித்து வெளியே வர ஒரு மணி. துறையூர் வழியாக எங்கள் ஊருக்கு இரண்டரை மணி. ஒன்றரை மணிக்கு முன்னதாக அவன் வாசலை மிதிக்க முடியாது. புதன்கிழமை காலை மீண்டும் பெரியப்பாவிடம் சென்றேன். "இரண்டு மணி வரைக்கும் பொறுங்கள்" என்றேன்.

"நேற்று இரவு வருவான் என்றாய். பிறகு காலை என்றாய். இப்போது மதியம் என்கிறாய். உன் கணக்கு மூன்று தரம் மாறிவிட்டதப்பா. இன்னும் எத்தனை தரம் மாறும்?" என்றார்.

அவர் கடுமையானவர் அல்லர். குளிர்பெட்டியை வேறொரு துக்க வீட்டுக்கு வாக்களித்துவிட்டார்கள். முந்தின நாளே வந்து காத்திருந்த முதியவர்கள் பலர். அவருடைய கேள்விக்கு என்னிடத்தில் விடை இல்லை. மூன்றாவது கணக்கு சரியான கணக்குத்தான். ஆனால் முதற்கணக்கைச் சொன்ன வாயே அதையும் சொல்லிற்று. பதினொரு மணிக்கு எடுத்தார்கள். சுவேத நதிக் கரையில், இளைய மகன் செய்ய வேண்டியதை மூத்த மகனாகிய நான் செய்தேன். தம்பி சரியாக ஒன்றரை மணிக்கு வந்தான். நாங்கள் குளித்துவிட்டுத் திண்ணையில் இருந்தோம். அவன் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை வைத்துவிட்டு நேரே ஆற்றங்கரைக்கு நடந்தான். மறுநாள் பால் தெளிக்கும் சடங்கை அவனைக்கொண்டே செய்வித்தோம்.

காரியங்களெல்லாம் முடிந்து அவன் ஊர் திரும்பிய பிறகு, ஒருநாள் இரவு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செய்தி கேட்டதிலிருந்து லண்டனில் விமானம் கிளம்பும் வரை 15 மணி 30 நிமிஷம். வளைகுடா வரை பறந்தது 7 மணி. அங்கே காத்திருந்தது 3 மணி 30 நிமிஷம். திருச்சி வரை பறந்தது 4 மணி. விமான நிலையத்தை விட்டு வெளியே வர 1 மணி. சாலையில் 2 மணி 30 நிமிஷம். ஆக மொத்தம் 33 மணி 30 நிமிஷம். இதில் அவன் வானத்தில் இருந்தது 11 மணி. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் எழுதியது அந்தப் பங்கை மட்டுமே.

நேர் விமானத்தில் இடம் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் போட்டுப் பார்த்தேன். விடியற்காலை ஐந்து மணிக்குச் சென்னை. வெளியே வர ஆறு. தம்மம்பட்டிக்குச் சாலை வழியே ஏறத்தாழ 300 கிலோமீட்டர், ஆறு மணி நேரம். பகல் பன்னிரண்டு. அப்போதும் ஒரு மணி நேரம் பிந்தியிருப்பான். வானத்தில் சுற்றி வந்து எங்கள் ஊருக்கு அருகே இறங்கியவனுக்கும், நேராக வந்து தொலைவில் இறங்கியவனுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணிதான். சேலத்துக்கும் ஒரு விமான நிலையம் உண்டு, 1993இல் திறந்தது. சென்னைக்கு 2018 மார்ச்சில் மறுபடி விமானம் விட்டார்கள். அதுவும் சில ஆண்டுகளில் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. எங்கள் துக்கம் நடந்த ஜனவரியில் அங்கே விமானம் இல்லை. இருந்திருந்தாலும் அதன் நேரம் தம்பியின் நேரத்தோடு பொருந்தியிருக்க வேண்டுமே!

செவ்வாய்க்கிழமை விடியற்காலையிலேயே, "முப்பது மணிக்கு மேலாகும், புதன்கிழமை பிற்பகலில் எடுப்போம்" என்று நான் சொல்லியிருந்தால், பெரியப்பா மறுத்திருக்க மாட்டார். குளிர்பெட்டியை ஒரு நாள் சேர்த்துப் பேசியிருப்பார்கள். உறவினர்களுக்கும் அந்த நேரமே போயிருக்கும். இரண்டரை மணி நேரத்தில் தவறிப்போனது தூரத்தினால் அன்று.

அதன் பிறகு பணியிலிருந்து ஓய்வு பெறும் வரையில் வகுப்பிலே கேள்வியை மாற்றிக்கொண்டேன். "உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். அவருக்கு இப்போது செய்தி போகிறது. அவர் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர எத்தனை மணி நேரம்? ஒவ்வொரு பகுதியாக எழுதுக" என்பேன். மர உருண்டையும் நூலும் பழையபடியே மேசைமேல் இருக்கும். தூரத்தை அதில் அளந்துகொள்வார்கள். அதற்குப் பின் அட்டவணைகளையும் பஸ் நேரங்களையும் தேடிக்கொண்டு அவர்கள் படும் பாட்டைப் பார்க்க வேண்டும்! ஒரு பையன் வளைகுடாவிலிருந்து வரும் தன் மாமாவைத் திருச்சியில் நள்ளிரவில் இறக்கிவிட்டு, அந்த நேரத்தில் துறையூருக்குப் பஸ் உண்டா என்று தெரியாமல் விடிய விடிய அங்கேயே உட்கார வைத்துவிட்டான். கணக்கில்தான், என்றாலும் மாமாவுக்கு அவன் ஒரு தேநீர்கூட வாங்கிக் கொடுக்கவில்லை என்று வகுப்பு சிரித்தது.

கொல்லிமலை அடிவாரத்துக் குக்கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஒரு மாணவி சிங்கப்பூரை எடுத்துக்கொண்டாள். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர் என்று நூலால் அளந்து எழுதினாள். விமானம் பறக்கும் நேரம் 4 மணி 15 நிமிஷம். அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க 8 மணி. வெளியே வர 1 மணி. அவள் ஊருக்கு வர 2 மணி 45 நிமிஷம். கூட்டினால் 16 மணி ஆகிறது. அவள் 52 மணி என்று எழுதியிருந்தாள். கூட்டலில் பிழை என்று சிவப்பு மையைத் தொட்ட பிறகுதான் பார்த்தேன்; எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரியாக, "விடுப்புக் கிடைக்க: 36 மணி" என்று இருந்தது.

அந்தப் பகுதி என் அட்டவணையில் இல்லை. எப்படித் தெரியும் என்று அவளைக் கேட்டேன்.

"பாட்டி செத்தபோது அப்பாவுக்கு அவ்வளவு ஆயிற்று, சார்" என்றாள்.